டீச்சரத்தை வீட்டு நட்சத்திரம்

கேள்வி:

எனக்கு 45 வயது. பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். அந்த வீட்டில் இருந்த டீச்சரை நான் டீச்சரத்தை என்றுதான் கூப்பிடுவேன். டிசம்பர் பிறந்தால் மாமா மூங்கில் சிம்பை வளைத்துக் கட்டி, கலர்ப் பேப்பர் ஒட்டி, இரண்டு நட்சத்திரம் செய்வார். ஒன்று அவர்கள் வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. ராத்திரி பாட்டுக்குழு வரும்போது எங்கள் திண்ணையிலும் நின்று ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் போகும். நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத குடும்பம். அதனால் எங்களுக்குக் கேக்குக்குப் பதிலாக அத்தை முந்திரிக்கொத்து தனியாகச் செய்து கொடுப்பார். பண்டிகை அன்று விடியற்காலையில், மார்கழிக் கோலம் போட எழும் எங்கள் ஆச்சிதான் அவர்கள் கதவைத் தட்டி, "எம்மா, கோயிலுக்கு நேரமாச்சு" என்று எழுப்பிவிடுவார்.

கல்யாணமாகிக் கோவை வந்து 20 வருடம் ஆகிறது. டிசம்பர் வந்தாலே மனசு கனத்துவிடுகிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், "நம்ம வீட்லயும் ஸ்டார் கட்டலாம்மா" என்கிறாள். மாமியார், "நமக்குச் சாமி இல்லையா? இதென்ன புதுப் பழக்கம்?" என்கிறார். கணவர் பேச்சை மாற்றிவிடுகிறார். இரண்டு வருடம் முன்பு யாரிடமும் சொல்லாமல் ஒரு நட்சத்திரம் வாங்கிப் படுக்கையறையில் கட்டினேன். விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே தோன்றவில்லை, அழுகைதான் வந்தது. இது ஏதாவது மனநோயா? மகளின் ஆசைக்கு என்ன பதில் சொல்வது? மாமியாரிடம் எப்படிப் பேசுவது?

டீச்சரத்தைக்கு இப்போது 80 தாண்டியிருக்கும். 2021-ல் மாமா கொரோனாவில் போனபோது என்னால் போக முடியவில்லை. அப்புறம் போன் பண்ணவும் தயக்கமாகிவிட்டது.

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை)

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தச் சுவரின் மறுபக்கத்தில் வளர்ந்தவள். நாகர்கோவிலில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது. பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பலகாரத் தட்டை ஒரு வெள்ளைத் துணியால் மூடி, பக்கத்து வீடுகளுக்கு எடுத்துக்கொண்டு ஓடிய பிள்ளை நான். அதனால் உங்கள் கடிதத்தை ஓர் ஆலோசகராக மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் இந்த ஏக்கத்துக்கு 'நாஸ்டால்ஜியா' என்று பெயர் வைத்தபோது அதை ஒரு நோயாகத்தான் நினைத்தார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அவர் உருவாக்கிய வார்த்தை அது. இன்று மனநலத் துறையில் யாரும் அதை நோய் என்பதில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் செடிகிடிஸ், வில்ட்ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்து வருகிறார்கள். தனிமையும் மனச்சோர்வும் அழுத்தும்போதுதான் பழைய நினைவுகள் அதிகம் வருகின்றன, வந்தபின் நமக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தெம்பை அவை தருகின்றன என்று அவர்களுடைய ஆய்வுகள் காட்டின. இன்னொன்றையும் கவனித்தார்கள். அந்த நினைவுகளில் நாம் தனியாக இருப்பது அபூர்வம். நெருங்கிய மனிதர்கள் கூடவே இருக்கிறார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படித்துப் பாருங்கள். மாமா மூங்கில் வளைக்கிறார். அத்தை முந்திரிக்கொத்து செய்கிறார். பாட்டுக்குழு திண்ணையில் நிற்கிறது. ஆச்சி கதவைத் தட்டுகிறார். ஒவ்வொரு வரியிலும் யாரோ ஒருவர் இன்னொருவருக்காக எதையோ செய்துகொண்டிருக்கிறார். படுக்கையறை வரியில் மட்டும் யாருமே இல்லை. நீங்களும் கடையில் வாங்கிய ஒரு பேப்பர் நட்சத்திரமும்தான். அதுவும் ஒளித்துக் கட்டியது. அதைப் பார்த்து அழுகை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. நீங்கள் தேடியது கிறிஸ்துமஸை இல்லை. கேட்காமல் உள்ளே போகலாம் என்றிருந்த ஒரு வீட்டைத் தேடினீர்கள்.

அந்த வீட்டுக்காரர்கள் பக்கம் இது எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் அசைவம் சாப்பிடாத குடும்பங்கள் இரண்டு இருந்தன. அவர்களுக்கான பலகாரத்தைத்தான் அம்மா முதலில் செய்வார். எண்ணெய்ச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புது எண்ணெய் ஊற்றி, முதல் ஈடு அவர்களுக்கு. அதை மூடி வைத்த பிறகுதான் அச்சு முறுக்கு மாவில் முட்டை உடைப்பார். நாங்கள் பிள்ளைகள் அடுப்படியில் சுற்றிச் சுற்றி வருவோம். ஒன்றுகூடக் கையில் கிடைக்காது. "அவங்களுக்கு எடுத்து வச்சப்புறம்தான்" என்பார். முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறை வறுத்துத் திரித்து, வெல்லப்பாகும் தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் சேர்த்துச் சூட்டோடு உருண்டை பிடித்தால் உள்ளங்கை சிவந்துவிடும். ஒரு வீட்டுக்கு மட்டும் தனியாக அதைச் செய்வதென்றால் அது ஒரு முழு நாள் வேலை. டீச்சரத்தை பள்ளிக்கூடமும் போய்க்கொண்டு இதைச் செய்திருக்கிறார். அரையாண்டுப் பரீட்சை பேப்பர் கட்டுகள் வேறு வீட்டில் கிடந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். எல்லா வீடுகளும் உங்கள் வீடு மாதிரி இல்லை. தட்டைச் சிரித்த முகத்தோடு வாங்கி, அப்படியே வேலைக்கு வருபவரிடம் கொடுத்துவிட்ட வீடுகளும் எங்கள் தெருவில் இருந்தன. எங்களுக்கு அது தெரியும். தெரிந்தும் அம்மா அடுத்த வருடம் தட்டு அனுப்புவார். ஆனால் அந்த வீட்டுக்கு எடுத்துப் போக எங்களுக்குக் கால் வராது. அதனால்தான் உங்கள் ஆச்சி அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார் என்று படித்தபோது எனக்குக் கண் நிறைந்தது. டிசம்பர் 25 மார்கழி ஒன்பதிலோ பத்திலோ வரும். திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் தூங்குகிற தோழியை வாசலில் நின்று எழுப்பும் பாட்டுகள் உண்டு. எங்கள் ஊரில் கோயில் ஒலிபெருக்கியில் அவற்றைக் கேட்டுக்கொண்டேதான் நாங்கள் அதிகாலை ஆராதனைக்குக் கிளம்புவோம். உங்கள் ஆச்சி கோலப்பொடிக் கையோடு பக்கத்து வீட்டை எழுப்பி, "கோயிலுக்கு நேரமாச்சு" என்றிருக்கிறார். உங்கள் ஊரிலும் எங்கள் ஊரிலும் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஆச்சிக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கிறது. தன் சாமியை அவர் ஒரு நாளும் விட்டவர் இல்லை என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

இப்போது நட்சத்திரத்துக்கு வருகிறேன். என் அபிப்பிராயம், இந்த வருடம் கட்ட வேண்டாம்.

மாமியாருக்குப் பயந்து இதைச் சொல்லவில்லை. நட்சத்திரத்தை வைத்துச் சண்டை வந்தால் உங்கள் மகள் மனதில் கிறிஸ்துமஸ் என்பது வீட்டில் சண்டை வந்த நாளாகப் பதிந்துவிடும். உங்களுக்கு டீச்சரத்தை கொடுத்தது இது இல்லையே. உங்கள் வீட்டு நட்சத்திரத்தை ஒருவர் தன் கையால் செய்து, சுவருக்கு மேலே நீட்டினார். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அதை வாங்கி மாட்டினார்கள். கொடுக்க ஒரு வீடும் வாங்க ஒரு வீடும் இருந்தன. உங்கள் மகளுக்கு இன்று அந்த மறுவீடு இல்லை. முதலில் அதைத் தேடிக் கொடுங்கள். மகளிடம் மூடி மறைக்காமல் சொல்லுங்கள்: "ஸ்டார் கட்டுறதுக்கு முன்னாடி உனக்கு ஒருத்தரைத் தெரியணும். அவங்களைப் பார்க்கப் போவோம், வா." பதினொரு வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும்.

மாமியார் விஷயத்தில் ஒன்று. அவர் கேட்ட கேள்வியில் வெறுப்பு எனக்குத் தெரியவில்லை. வீட்டுச் சாமிக்கு ஏதோ குறை வந்துவிடுமோ என்ற கவலைதான் தெரிகிறது. அந்த வயதில் பேத்தி புதிதாக ஒன்றைக் கேட்கும்போது, தான் கட்டிக் காத்ததெல்லாம் கைவிட்டுப் போகிறதோ என்று தோன்றுவது இயல்பு. அவரிடம் "எல்லாச் சாமியும் ஒண்ணுதான் அத்தை" என்று ஆரம்பிக்காதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், கேட்பவருக்குப் பாடம் நடத்துவது போல இருக்கும். அனுமதி கேட்டும் போகாதீர்கள். கதையைச் சொல்லுங்கள். உங்கள் ஆச்சி கதவு தட்டிய கதையை மாமியாரிடம் இதுவரை சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லவில்லை என்றே படுகிறது. 20 வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் மருமகளின் பிறந்த வீட்டு டிசம்பர் அவருக்குத் தெரியாது. சாயங்காலம் பூ கட்டும்போதோ கீரை ஆயும்போதோ சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "உங்க ஊர்ல அந்த மாதிரி யாராச்சும் இருந்தாங்களா அத்தை?" என்று கேளுங்கள். அந்தத் தலைமுறையில் யாருக்கும் அப்படி ஒருவராவது இல்லாமல் இருப்பது அரிது. நோன்புக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பாய் வீடாக இருக்கலாம், தையல் சொல்லிக்கொடுத்த சிஸ்டராக இருக்கலாம். என்னிடம் வந்த ஒரு அம்மா, மருமகளுடைய கிறிஸ்தவத் தோழி வீட்டுக்கு வருவதையே விரும்பாதவர். பேச்சுவாக்கில், சின்ன வயதில் அம்மை கண்டு எழுந்தபின் தன்னை வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டதைச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

கணவர் ஒதுங்குவதற்குக் காரணம் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதாக மட்டுமே இருக்கலாம். நட்சத்திரப் பேச்சை நிறுத்திவிட்டு, "எனக்கு ஊருக்குப் போய் அத்தையைப் பார்த்துட்டு வரணும்" என்று சொல்லிப் பாருங்கள். வயதான ஒருவரைப் பார்க்கப் போவதை அவர் மறுக்கப் போவதில்லை. இது நம் வழக்கமா என்று யாராவது கேட்டால், தஞ்சாவூரைச் சொல்லுங்கள். 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜி, தன்னைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்ட ஷ்வார்ட்ஸ் பாதிரியார் இறந்த பிறகு, ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயச் சிற்பியைக் கொண்டு ஒரு பளிங்குச் சிற்பம் செய்ய வைத்தார். சிவகங்கைத் தோட்டத்துத் தேவாலயத்தில் இன்றும் அது இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் குருவின் கையை அரசர் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். சரபோஜி கடைசி வரை இந்துவாகவே வாழ்ந்தவர்.

சரி. இனி, நீங்கள் கடிதத்தின் கடைசியில் மூன்று வரியில் சொல்லிக் கடந்துபோன விஷயம். எனக்கு அதுதான் இந்தக் கடிதமே.

2021-ல் யாராலும் போக முடியவில்லை. சொந்தப் பிள்ளைகளே அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாத வருடம் அது. அப்போது இழவு வீட்டுக்குப் போகாமல் போனவர்கள் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய துக்கம் ஒரு விதமாக உறைந்து நின்றுவிடுகிறது. கட்டிப்பிடித்து அழவேண்டிய அழுகை வெளியே வரவே இல்லை. வேறு ஏதோ ஒரு சாக்கில், வேறு ஏதோ ஒரு நாளில் வருகிறது. படுக்கையறை நட்சத்திரத்தைப் பார்த்து நீங்கள் அழுதது அந்த அழுகை என்றுதான் நான் நினைக்கிறேன். மூங்கில் வளைத்த கை இப்போது இல்லை. அதை நீங்கள் யாரோடும் சேர்ந்து அழவில்லை.

"இத்தனை நாள் கழித்து என்ன சொல்லிப் பேசுவது" என்ற தயக்கம் உங்களுக்கு. நாளாக ஆக அது தடித்துக்கொண்டே போகும், தானாகக் கரையாது. அத்தை கோபமாக இருப்பாரோ என்று நினைக்கிறீர்கள். மறுபக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் 1989-ல் மாற்றலாகிப் போனார்கள். அந்த டிசம்பரிலும் அம்மா பழக்கதோஷத்தில் எண்ணெய்ச் சட்டியைப் புளி போட்டுத் தேய்த்து, முதல் ஈடு எடுத்துத் தனியாக மூடி வைத்துவிட்டார். சாயங்காலம்தான் நினைவு வந்தது. "கடுதாசி போட நேரமில்லை போல" என்று மட்டும் சொன்னார். அதற்கப்புறமும் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், "அந்தப் புள்ள எப்படி இருக்காளோ" என்றுதான் கேட்பார், ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எல்லாரும் என் அம்மா மாதிரி இருப்பார்கள் என்று நான் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் இடுப்பளவு சுவருக்கு மேலே நட்சத்திரம் நீட்டிய வீட்டுக்காரர் ஒருவர், உங்கள் குரலைக் கேட்டதும் கணக்குப் பார்ப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கொண்டாடாத வழக்கம் எங்களிலும் பல குடும்பங்களில் உண்டு. நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், பலகாரத்துக்கு எண்ணெய் வைக்க மாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாமா போன வருட டிசம்பரில் அந்த வீட்டுக்கு யார் தட்டு கொண்டுபோனார்களோ, நமக்குத் தெரியாது. உங்கள் வீட்டிலிருந்து போகவேண்டிய தட்டு ஒன்று பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம், கொஞ்சம் சர்க்கரையாவது போட்டு அனுப்புவோம் இல்லையா? அது இன்னும் போகவில்லை.

போன் செய்யும்போது நீளமாகத் தயாரித்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்பை முதலில் சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்காமல். "அத்தை, மாமா போனப்ப வர முடியல. அதுக்கப்புறம் பேசவும் தைரியம் வரல. அது என் மனசுலயே கிடக்கு." அவ்வளவுதான். அவர் அழுதால் நீங்களும் அழுங்கள். சமாதானம் சொல்ல அவசரப்பட வேண்டாம். மாமாவைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். பசை காய்வதற்குள் நீங்கள் பேப்பரைத் தொட்டுக் கெடுத்தபோது அவர் என்ன சொன்னார், எந்தக் கலரை உங்கள் வீட்டுக்கு ஒட்டினார், அந்த மாதிரி. கணவரை இழந்தவர்களோடு நான் பேசும்போது திரும்பத் திரும்பக் கேட்கிற குறை ஒன்றுதான்: கொஞ்ச நாளில் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது.

அப்புறம், முந்திரிக்கொத்துப் பக்குவம் கேளுங்கள். கேட்பதற்கு ஒரு சாக்காக மட்டும் சொல்லவில்லை, நிஜமாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், மேல்மாவுக்கு அரிசியா மைதாவா, மூன்று மூன்றாகச் சேர்த்து எப்படிப் பொரிக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு மாறும். கோவையில் உங்கள் மாமியாருக்கு இந்தப் பலகாரம் பழக்கமில்லாமல் இருக்கலாம், ஆனால் வெல்லப்பாகு பதம் பார்க்க உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்யுங்கள். முட்டை கிடையாது, அவர் மனம் கோணாமல் உங்கள் வீட்டுச் சாமிக்கே படைக்கலாம். படைத்த பிறகு மகளிடம் ஒரு தட்டு கொடுத்து, உங்கள் குடியிருப்பில் பண்டிகை கொண்டாடும் ஒரு வீட்டுக்கு அனுப்புங்கள். கதவைத் தட்டுவது அவளாக இருக்கட்டும். அங்கிருந்து அடுத்த வருடம் ஒரு நட்சத்திரம் வந்தால், அதை எங்கே மாட்டுவது என்று உங்கள் மாமியாரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

மகளுக்கு உங்கள் கதைகளை முழுசாகச் சொல்லுங்கள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் பிள்ளைகளிடம் 20 கேள்விகள் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள் என்பது மாதிரியான கேள்விகள். குடும்பக் கதை நிறையத் தெரிந்த பிள்ளைகளிடம் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தது. நல்லதை மட்டும் பொறுக்கிச் சொல்ல வேண்டாம். மாமா இறந்தபோது போகாததையும் சொல்லுங்கள், இத்தனை நாள் பேசாமல் இருந்ததையும் சொல்லுங்கள்.

அரையாண்டு விடுமுறையில் ஊருக்குப் போக முடிந்தால் 25-ஆம் தேதியே போக வேண்டும் என்பதில்லை. அன்று அவர் வீட்டில் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும் நிறைந்திருக்கலாம். இரண்டு நாள் கழித்துப் போங்கள், கூட்டம் கலைந்து வீடு அமைதியாகிவிடுகிற அந்த நாட்கள்தான் தனியாக இருப்பவர்களுக்குக் கடினம். ஊசிக் கோபுரத்தை மகளுக்குக் காட்டுங்கள், 1826-ல் எழுந்த தேவாலயம் அது. அந்த இடுப்பளவு சுவர் இப்போதும் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

ஆனால் போனை விடுமுறை வரை தள்ளிப்போட வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே பேசுங்கள். காலையில் கோயிலுக்குப் போயிருப்பார், மத்தியானம் கொஞ்சம் படுப்பார், சாயங்காலம் நாலு மணிக்கு மேல் சரியாக இருக்கும். 80 வயதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தமாக இருக்கலாம். யாரென்று உடனே புரியவில்லை என்றால் உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். கோலம் போடுகிற ஆச்சியின் பேத்தி என்று சொல்லுங்கள்.